வேலிக்குள் வீடு



சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றத்தில் நடைபெற்ற சொற்போர் ஒன்றில், "தொழிற்சங்கம் ஆலைத் தொழிலாளிக்கே உரியது, காட்டிலும் கழனியிலும் உழைப்பவன் அறியாமையில் கிடப்பவன், அவனைச் சங்கத்தில் சேர்ப்பது மணலைக் கயிறாகத் திரிப்பது போன்றது" என்று நண்பர் ஒருவர் முழங்கினார். கைதட்டலும் பெற்றார். கைதட்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றிரவு விடுதி அறைக்குத் திரும்பியதும் என் அறைத்தோழர் ஒரு கேள்வி கேட்டார்: "ஆலைத் தொழிலாளி மாலையில் எங்கே போகிறான்?" "வீட்டுக்கு" என்றேன். "யார் வீட்டுக்கு?" என்றார்.

இதென்ன கேள்வி என்று அப்போது சிரித்தேன். பிறகுதான் அந்தக் கேள்வியிலேயே என் சொற்போர் நண்பருக்கான விடை முழுவதும் அடங்கியிருப்பதை உணர்ந்தேன்.

நாம் வாழும் இந்தப் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 1981 மார்ச் வரை 77 நாள் இங்குள்ள பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய ஐந்தின் தொழிலாளரும் அதில் நின்றனர். அத்தகைய சங்கங்கள் வளர்ந்த இடம் எது? தொழிற்சாலையின் வாயில். சங்கு ஊதியதும் ஆயிரம் பேர் ஒரே வழியாக வெளியே வருகின்றனர். வாயிலுக்கு வெளியே உள்ளது பொதுத் தெரு. அங்கே ஒருவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசலாம், துண்டறிக்கை கொடுக்கலாம், தேநீர்க் கடையில் உட்கார்ந்து சந்தாப் புத்தகத்தைத் திறக்கலாம். முதலாளியின் அதிகாரம் வாயிலோடு முடிகிறது.

தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாயில் இல்லை. வேலை செய்யும் மலையும் முதலாளியுடையது. உறங்கும் அறையும், குடிக்கும் தண்ணீரும், குழந்தையைக் கிடத்தும் பிள்ளைக் காம்பராவும் அவருடையவையே. வீட்டுக்குப் போகும் பாதைகூட அவருடையது. பழைய தஞ்சைப் பண்ணையாளின் நிலையும் இதுவே. அவன் குடிசை நின்ற மண் மிராசுதாரின் மண். வேலை போனால் வீடும் போயிற்று. இத்தகையவன் சங்கத்தில் சேரத் தயங்கினால் அதை அறியாமை என்று சொல்வது எவ்வளவு எளிது! தயங்குவதற்குரிய காரணத்தை அவன் நம்மைவிட நன்கு அறிந்திருந்தான் என்பதே உண்மை.

சட்டம் ஏட்டளவில் முன்னதாகவே வந்துவிட்டது. ஆலைத் தொழிலாளருக்குள்ள அதே சங்க உரிமை உழவுத் தொழிலாளருக்கும் உண்டு என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை 1923-இல் ஏற்றது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தது. ஆனால் உரிமை என்பது வேலிக்கு வெளியே இருந்தது. தொழிலாளி உள்ளே இருந்தான். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் யார், எப்படிப் போனார் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

நிற்க. என் அறைத்தோழரின் ஊர் தென் கன்னடப் பகுதியிலுள்ள சுள்ளியாவுக்கு அருகில். "தமிழருக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்கள் நம் மன்றத்திலும் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் செய்த ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஆடு மாடுகளைப் பங்கிடுவதுபோல் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. அவ்வாறு வந்தவர்களுக்காக நீலகிரியில் 1968-இல் தமிழ்நாட்டு வனத்துறை தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் பல குடும்பங்கள் அமர்த்தப்பட்டன. தேயிலை பறித்த கைகள் ரப்பர்ப் பால் வெட்டக் கற்றுக்கொண்டன. என் தோழர் அந்த வழியில் வந்தவர்.

தசரா விடுமுறையில் அவருடன் சென்றிருந்தேன். விடியுமுன்னே எழுந்து பால் வெட்டச் செல்கிறார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். மரப்பட்டையில் சாய்வாக ஒரு கீற்று. அதன் அடியில் சிரட்டை. பிறகு அடுத்த மரம். ஒருவருக்கு முந்நூறு மரம் அளவில் ஒரு பங்கு என்பது ரப்பர்த் தோட்டங்களில் பொதுவான கணக்கு. ஒருவர் பங்கில் நிற்பவரை அடுத்த பங்கில் நிற்பவர் காண முடியாது. கூப்பிட்டால்தான் கேட்கும். சங்கக்காரர் ஒருவர் வந்தால் யாரிடம் பேசுவது? பாலை நிறுக்கும் கொட்டகையில்தான் எல்லாரும் கூடுகிறார்கள்; அங்கோ மேற்பார்வையாளர் நிற்கிறார். காட்டுத் தொழிலாளியைச் சேர்ப்பதில் உள்ள தொல்லையை நூல் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தோழரின் பாட்டியார் இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் பிறந்தவர். நான் சங்கத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது இது: "எங்க ஆத்தா சொல்லும் தம்பி. லயத்துக்குள்ள வெளியாளு வரக்கூடாது. வந்தா தொர கேசு போடுவாரு. வளையல்காரன் வரலாம், புடவைக்காரன் வரலாம். அதனால புடவைக்காரனா வந்தாரு ஐயரு."

அந்த ஐயர் கோ. நடேசய்யர். நம் தஞ்சை மண்ணில் பிறந்தவர். இலங்கைக்கு முதன்முறை சென்றபோது தோட்டங்களைப் பார்க்க விரும்பினார்; அனுமதி கிடைக்கவில்லை. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புடவை வியாபாரியாக உள்ளே நுழைந்தார் என்பது அவருடைய வரலாற்றில் எல்லாரும் குறிப்பிடும் செய்தி. அனுமதியின்றித் தோட்டத்துக்குள் அடிவைப்பது அத்துமீறல் குற்றம். ஆனால் வணிகத்துக்கு வேலி திறந்திருந்தது.

உள்ளே அவர் எதிர்கொண்டது துரையை மட்டுமன்று, கங்காணியையும். கங்காணியின் வலிமையை அறியாமல் தோட்டச் சங்கத்தின் வரலாறு விளங்காது. ஊரில் ஆள் கட்டுபவரும் அவரே. கப்பலுக்கு முன்பணம் தருபவரும் அவரே. தோட்டத்தில் வேலை வாங்குபவரும் அவரே. வேலைக்கு வரும் தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குக் காசு. கூலியாளோ பெரும்பாலும் அவருடைய ஊரான், சில வேளை உறவினன், எப்போதும் கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். அதில் அவனுடைய கடன் எழுதியிருக்கும். அதைக் கட்டும் தோட்டத்துக்கு ஆள் போவான். கடனோடு மனிதன் கைமாறுவான் என்று பொருள். 1921-இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழியவில்லை. ஆக, ஆள் சேர்ப்பதில் சங்கத்துக்கு முன்பே கைதேர்ந்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் உறவைக் கொண்டு சேர்த்தார்; கடனைக் கொண்டு கட்டினார். சங்கம் எதைக் கொண்டு சேர்ப்பது?

நடேசய்யர் கொழும்பில் குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சில காலம் உழைத்தார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்தினார். ஆனால் நகரத்தில் வெளியான ஏடு லயத்தில் எப்படிப் படிக்கப்படும்? 1931-இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அவர் கையாண்ட வழிகளே நமக்குப் பாடம். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது; ஆகவே சம்பளம் வாங்கிய மக்கள் வந்து கூடும் கடைத்தெருவைப் பிடித்துக்கொண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுக்களை இயற்றி, மக்கள் கூடிய இடத்தில் தாமே பாடினார். படிக்கத் தெரியாத பெண்ணும் பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு லயத்துக்குள் போனாள். துரை துண்டறிக்கையைப் பிடுங்கலாம். பாட்டை எங்கே சோதனை போடுவது? பாட்டியாரின் தாயாரும் அந்தப் பாட்டைக் கேட்டவராம். "வரி மறந்துபோச்சு, மெட்டு மட்டும் இருக்கு" என்றார்.

காலமும் அவருக்கு உதவிற்று என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1930-களின் தொடக்கத்தில் உலக வணிகம் வீழ்ந்தது; தேயிலை விலை சரிந்தது; கூலியைக் குறைத்தார்கள். வயிறு காய்ந்தபோது பாட்டு காதில் விழுந்தது. எனினும், பசி மட்டுமே சங்கத்தைத் தோற்றுவிக்கும் என்றால், பசி என்று இல்லாதிருந்தது? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் குண்டுக்கு இரையானார். அதற்குள் வேலிக்குள் சங்கம் வேர்விட்டிருந்தது.

இனி என் ஊர்ப்பக்கம் வருகிறேன். நான் மன்னார்குடி வட்டத்தைச் சேர்ந்தவன். எங்கள் முன்னோர் குத்தகைதாரர், பண்ணையாள்கள் அல்லர். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

பி. சீனிவாசராவ் என்னும் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவர்? தென் கன்னடத்தில் 1907-இல் பிறந்தவர். கன்னடம் அவருடைய தாய்மொழி. இந்தப் பெங்களூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், விடுதலைப் போராட்ட அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டு வெளியேறினார். பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, 1943-இல் தஞ்சைக்கு அனுப்பப்பட்டார். தமிழ் அவருக்குக் கற்றுக்கொண்ட மொழி. சேற்று நிலம் காணாத நிலம். பிறந்த சாதியோ சேரிக்குள் கால் வைக்கக் கூடாத சாதி. இம்மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் சேரியிலே தங்கினார், சேரியிலே உண்டார். அவருடைய வேலைத்திட்டத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. வேலிக்குள் உள்ளவனைச் சந்திக்கும் இடம் அவன் குடிசைதான் என்றால், அந்தக் குடிசையில் விருந்தாளியாகத்தான் நுழைய முடியும். விருந்தாளி சோற்றை மறுக்க முடியுமா?

தென்பரையில் முதற் கிளை தோன்றியது. பண்ணையாள்களைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பதும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்வதும் அந்நாளில் பண்ணைகளின் வழக்கம். சவுக்கடி, சாணிப்பால் என்று அவற்றுக்குப் பெயரும் இருந்தது. கூலிக் கோரிக்கையை முதலில் வைப்பதே தொழிற்சங்க மரபு என்று நாம் நினைக்கிறோம். தஞ்சையில் சங்கம் முதலில் தொட்டது கூலியையன்று, முதுகை. அடித்தால் வாளா நிற்காதே என்று ராவ் சொன்ன சொல்லை இன்றும் அப்பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. அடுத்து வந்தவை அளவு மரக்காலும் கூலி நெல்லும். களப்பால் குப்பு போன்ற தலைவர்கள் சேரியிலிருந்தே எழுந்தார்கள். குப்பு 1948-இல் திருச்சிச் சிறையில் இறந்தார். வெளியிலிருந்து வந்தவர் கதவைத் திறக்கலாம்; வீட்டுக்காரர்தாம் வீட்டை நடத்த வேண்டும் என்பதற்குக் குப்பு சான்று.

எங்கள் வீட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கம் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் ஒரே கொடியின்கீழ்ச் சேர்த்தது. அப்போது என் தாத்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அவருடைய தந்தையார் குத்தகை நெல்லைக் குறைக்கச் சங்கம் வேண்டும் என்றார்; ஆனால் கூட்டம் சேரியில் என்றதும் போகவில்லை. இரண்டாம் கூட்டத்துக்கும் போகவில்லை. மூன்றாம் கூட்டத்துக்குப் போய்த் தள்ளி நின்றார். "எப்போது உட்கார்ந்தார்?" என்று தாத்தாவைக் கேட்டேன். "அறுவடைக்குள்ளே உட்கார்ந்துட்டார்" என்றார். சங்கத்தில் சேரத் தடை அறியாமை என்று கைதட்டினேனே, எங்கள் வீட்டில் தடையாக நின்றது அறியாமையா? என் சொற்போர் நண்பருக்கு இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1952-இல் இராசாசி அமைச்சரவை தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்காக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது அவ்வாண்டே நிலைச்சட்டமுமாயிற்று. ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் நிலம் வைத்திருப்பவர் பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றது. விளைவு என்ன? பண்ணையாள் என்னும் பெயரையே ஒழித்து, தினக்கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினார்கள் பலர். சட்டத்தின் ஓட்டையை முதலில் காண்பவன் எப்போதும் சொத்துள்ளவன்தான்.

1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் நடந்ததை இங்கே விரித்துரைக்க மனம் இல்லை. கூலி நெல்லுக்கான போராட்டத்தின் நடுவே, ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும். சங்கக் கொடியை இறக்கவேண்டும் என்பது அதற்கு முன்பு அவர்களுக்கு வந்த நெருக்கடி. அதன் பின் 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், குடிசை நின்ற மனையை அங்கே வாழ்ந்த உழவுத் தொழிலாளிக்கே உரிமையாக்கியது. கூலிச் சட்டத்தைப் பற்றி எழுதியவர் பலர். குடியிருப்புச் சட்டத்தைப் பாராட்டியவர் சிலர். என் கருத்தில் இரண்டாவதே பெரிது. 'உன் வீட்டைப் பிடுங்குவேன்' என்னும் சொல்லை அது மிராசுதாரின் வாயிலிருந்து எடுத்தது.

தோட்டங்களில் அது நிகழவில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாத் தோட்டங்களில் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான், ஆனால் கொடுத்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வன வேலை செய்வோருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. காடு அரசினுடையது, அரசின் வனத்துறை 'தொழில்' ஆகுமா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. மகாராஷ்டிரத்தில் பூனாவுக்கு அருகே நடந்த மரம் வளர்ப்புத் திட்டம் ஒன்றைப் பற்றி 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய வேலை அரசுக்கே உரிய ஆட்சிச் செயல் அன்று, அதுவும் தொழில்தான் என்று தீர்ப்பளித்தது. மரம் நட்டவன் தன்னைத் தொழிலாளி என்று மெய்ப்பிக்கவே டில்லி வரை போகவேண்டியிருந்தது!

சங்கம் ஒருமுறை வேலிக்குள் நுழைந்துவிட்டால் போதுமா? போதாது என்பதை மூணாறு காட்டியது. இலங்கைத் தோட்டங்களில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வழக்கமாயிற்று. வசதியான முறை, பணம் தவறாமல் வரும். ஆனால் சந்தா வாங்குவதற்காக மாதம் ஒருமுறையாவது லயத்துக் கதவைத் தட்டிய கால்கள் அதனால் நின்றுபோகும் அல்லவா? மூணாற்றில் 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்ததை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தபோது, பெரிய சங்கங்கள் எல்லாவற்றையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெற்றே எழுந்தார்கள். 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அடுத்த மாதம் 301 ரூபாயாயிற்று. அவர்களை யாரும் ஆள் கட்டிச் சேர்க்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் அவர்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள். சங்கங்கள்தாம் அந்த இடத்துக்கு வருவதை மறந்திருந்தன.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்குச் சங்க உரிமை தந்தபோது பண்ணைத் தொழிலாளரை விலக்கியது. சீசர் சாவேஸ் 1962-இல் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளரைத் திரட்டத் தொடங்கியபோது மேடை போடவில்லை. வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் சிலரைக் கூட்டிப் பேசினார். தென்பரைச் சேரியை அவர் கண்டதில்லை. வேலி ஒன்றாக இருக்கும்போது வழியும் ஒன்றாகவே அமைகிறது.

தென் கன்னடத்திலிருந்து ஒருவர் தஞ்சைக்கு வந்தார். தஞ்சையிலிருந்து ஒருவர் இலங்கைக்குச் சென்றார். அந்த இலங்கைத் தோட்டத்து மக்களுள் சிலர் தென் கன்னடத்துக்கே வந்து சேர்ந்தனர். என் தோழரும் நானும் பெங்களூர் விடுதியில் ஓர் அறையில் இருப்பது தற்செயல். ஆனாலும் இந்த வழியை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

சுள்ளியாவிலிருந்து புறப்படும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பாட்டியார் தகரப் பெட்டியைத் திறந்தார். குடும்பம் முழுவதும் ஒரே படத்தில் நிற்கும் பழைய பாஸ்போர்ட்டு இருந்தது. அதன் நடுவில் மடித்து வைத்த காகிதம் ஒன்று. தோட்டத்துச் சங்கத்தில் அவருடைய தாயார் சந்தா கட்டிய சீட்டு. நாட்டை விட்டு வரும்போது எதையெதையோ விற்றுவிட்டு வந்தவர்கள், அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். "என்ன எழுதியிருக்கு, படி தம்பி" என்றார். மை மங்கியிருந்தது. தோட்டத்தின் பெயரில் பாதியும், தாயாரின் பெயர் முழுவதும் தெரிந்தன. படித்தேன். "இன்னொருக்காப் படி" என்றார்.